டிஸ்க் இருக்கிறது, எக்ஸ்பிக்குத் தெரியவில்லை

கோவை கணபதியில் ஒரு சிறிய பம்பு தொழிற்கூடம். அங்கே சோதனை பெஞ்சோடு இணைந்த கம்ப்யூட்டர் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. புதிய எஸ்.எஸ்.டி.யில் (சுழலும் தட்டு இல்லாத, சிப் வகை டிஸ்க்) விண்டோஸ் எக்ஸ்பி ஏற்றியாகிவிட்டது; பிரஷர், டிஸ்சார்ஜ் (பம்பு வெளியே தள்ளும் தண்ணீரின் அளவு), வாட்ஸ் எல்லாம் திரையில் வருகின்றன. புதிய பெட்டியில் டிஸ்க் இருந்தும் விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாத இதே சிக்கலில் மாட்டுகிறவர்கள் கொங்கு வட்டாரத்தில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால் நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

இந்தக் காலத்தில் எக்ஸ்பி எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு விளக்கம். பம்புகளை ஓட்டிப் பார்த்து ஹெட் (தண்ணீரைத் தூக்கும் உயரம்), டிஸ்சார்ஜ், மின்சாரச் செலவு மூன்றையும் பதிவு செய்யாமல் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்டு வெளியே அனுப்ப முடியாது. சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 8034, மோனோபிளாக்குக்கு ஐ.எஸ். 9079, ஓப்பன்வெல்லுக்கு ஐ.எஸ். 14220 என்று தனித்தனி தரங்கள் உண்டு. இங்கே அந்த அளவுகளைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது மதர்போர்டின் பி.சி.ஐ. ஸ்லாட்டில் செருகும் ஒரு பழைய கார்டு. கார்டின் டிரைவரும் (கருவியை விண்டோஸுக்குப் புரியவைக்கும் சிறு நிரல்) பெஞ்சின் மென்பொருளும் எக்ஸ்பியோடு நின்றுவிட்டன. புதிய கார்டு, புதிய மென்பொருள், மறு அளவுத்திருத்தம் என்று போனால் செலவு லட்சத்தைத் தொடும். "கார்டு நன்றாகத்தானுங்க இருக்கிறது தம்பி. பெட்டியை மட்டும் மாற்றிக் கொடுத்தால் போதுமுங்க" என்றார் உரிமையாளர். அவர் சொன்னது முழு நியாயம்.

பழைய பெட்டியில் மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பிவிட்டன. பழைய இணைப்பு வகையான ஐ.டி.இ.யில் ஓடும் 40 ஜிபி ஹார்டு டிஸ்கிலும் ஆங்காங்கே படிக்க முடியாத இடங்கள். காந்திபுரம் நூறடி ரோட்டில் பழைய அலுவலக டெஸ்க்டாப் ஒன்று 4,500 ரூபாய்க்குக் கிடைத்தது. இன்டெல் கியூ67 சிப்செட் (போர்டின் இணைப்புகளை நடத்தும் சிப்), இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசசர். இதைத் தேடி எடுத்ததற்குக் காரணம் உண்டு. அதே காலத்து எச்61 சிப்செட்டில் பி.சி.ஐ. ஸ்லாட் நேரடியாகக் கிடையாது. போர்டு தயாரிப்பவர் இடையில் ஒரு பிரிட்ஜ் சிப் வைத்துத்தான் அந்த ஸ்லாட்டைக் கொடுப்பார். பழைய அளவீட்டுக் கார்டுகள் சில அந்தப் பிரிட்ஜோடு ஒத்துப்போவதில்லை. கியூ67இல் பி.சி.ஐ. சிப்செட்டிலிருந்தே வருகிறது. இதற்காக 500 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கலாம்.

முதலில் சுலப வழியைப் பார்த்தேன். பழைய டிஸ்கை ஐ.டி.இ.-யு.எஸ்.பி. மாற்றியில் மாட்டி, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து, அளவுத்திருத்தக் கோப்புகள் இருந்த ஃபோல்டரைத் தனியாக எடுத்துவைத்தேன். பிறகு டிஸ்க் முழுவதையும் 120 ஜிபி எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்தேன். படிக்க முடிந்த பகுதி எல்லாம் வந்துவிட்டது. புதிய பெட்டியில் மாட்டி ஓட்டினால் எக்ஸ்பி சின்னம் ஒரு நொடி தெரிந்தது, உடனே நீலத்திரை. நிறுத்தக் குறி 7பி. பூட் செய்ய வேண்டிய டிஸ்கை எட்ட முடியவில்லை என்று பொருள். பழைய எக்ஸ்பிக்குப் பழைய போர்டின் கன்ட்ரோலர் (டிஸ்கைப் போர்டோடு பேசவைக்கும் சிப்) மட்டுமே பழக்கம். புதிய போர்டில் டிஸ்குக்கு முன்னால் நிற்பது வேறு கன்ட்ரோலர். அதைத் திறக்க வேண்டிய டிரைவரை டிஸ்கிலிருந்துதான் படிக்க வேண்டும். சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் நிற்கிற கதைதான்.

சரி, புதிதாகவே ஏற்றிவிடலாம் என்று தொழிற்கூடத்தின் பீரோவிலிருந்த எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 சிடியை எடுத்தேன். பெட்டியோடும் வரிசை எண்ணோடும் பத்திரமாக வைத்திருந்தார்கள். சிடி ஓடியது, கீழ்வரியில் கோப்புகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின, விண்டோஸ் தொடங்குகிறது என்ற வரி வந்தது, மீண்டும் அதே 7பி.

"ஏனுங்க தம்பி, டிஸ்க் புதியதுதானுங்களே? பிறகு ஏன் இல்லை என்கிறது?" என்று உரிமையாளர் பக்கத்தில் வந்து நின்றார். அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லத் தெரிந்திருந்தால் அன்று மாலை மிச்சமாகியிருக்கும். டிஸ்கின் சாட்டா கேபிளை மாற்றியது, வேறு போர்ட்டில் செருகியது, ரேம் குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டது என்று நேரம்தான் போனது. எதுவும் பலிக்கவில்லை.

லினக்ஸ் பென்டிரைவுக்குத் திரும்பிய பிறகுதான் தெளிவு வந்தது. அதில் எஸ்.எஸ்.டி. முழு அளவில் தெரிந்தது, எழுதவும் முடிந்தது. ஆக டிஸ்க், கேபிள், போர்ட் மூன்றும் நலம். போர்டிலுள்ள கருவிகளைப் பட்டியலிடும் எல்.எஸ்.பி.சி.ஐ. (lspci) கட்டளையை எண்கள் காட்டும் விருப்பத்தோடு கொடுத்தால் கன்ட்ரோலரின் வகையும் அடையாள எண்ணும் வரும். சதுர அடைப்புக்குள் முதலில் வரும் நான்கு இலக்கங்கள் வகை. 0101 என்றால் ஐ.டி.இ., 0104 என்றால் ரெய்டு (பல டிஸ்குகளை ஒன்றாகச் சேர்க்கும் முறை), 0106 என்றால் ஏ.எச்.சி.ஐ. (சாட்டா டிஸ்குகளுக்கான புதிய முறை), 0108 என்றால் என்.வி.எம்.இ. (இன்னும் புதிய, வேகமான டிஸ்க் வகை). இந்தப் பெட்டியில் 0106 என்று வந்தது, அடையாளம் 8086:1சி02. முதல் பாதி இன்டெல்லைக் குறிக்கும், இரண்டாம் பாதி ஆறாம் வரிசை டெஸ்க்டாப் சிப்செட்டின் ஏ.எச்.சி.ஐ. கன்ட்ரோலரைக் குறிக்கும். எக்ஸ்பி வெளிவந்தது 2001இல். ஏ.எச்.சி.ஐ. அதற்குப் பிறகு வந்தது. சிடியில் அதற்கான டிரைவர் எப்படி இருக்கும்?

இந்த இடத்தில் பலரும் பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே வரும் போர்டின் அமைப்புத் திரை) போய் ஏ.எச்.சி.ஐ.யை ஐ.டி.இ. என்று மாற்றிவிடுவார்கள். அந்த விருப்பம் உங்கள் போர்டில் இருந்தால் தயங்காமல் அதையே செய்யுங்கள். பம்பு அளவுகளை நொடிக்குச் சில தடவை எழுதும் ஒரு வேலைக்கு ஐ.டி.இ. வேகமே தாராளம். ஏ.எச்.சி.ஐ. வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கத் தேவையில்லை. நான் வாங்கிய பெட்டியின் பயாஸில் இரண்டே வரிகள்: ஏ.எச்.சி.ஐ., ரெய்டு. ஆகவே டிரைவரைக் கொடுத்தே தீர வேண்டும்.

எக்ஸ்பிக்கு டிரைவர் கொடுக்க முறையான வழி எஃப்6. சிடி பூட் ஆனதும் திரையின் அடியில் சில நொடிகள் ஒரு வரி வரும். அதற்குள் எஃப்6 விசையைத் தட்ட வேண்டும். பிறகு எஸ் விசை. அது டிரைவரை பிளாப்பியில் மட்டும்தான் தேடும். எக்ஸ்பிக்கு அடுத்து வந்த விஸ்டாவிலிருந்துதான் பென்டிரைவிலிருந்தும் சிடியிலிருந்தும் எடுக்கும் வசதி வந்தது. இந்த போர்டில் பிளாப்பி இணைப்பு இல்லை. சாயிபாபா காலனியில் ஒரு நண்பரிடம் யு.எஸ்.பி. பிளாப்பி டிரைவ் இருந்தது, வாங்கி வந்தேன். இன்டெல் தரும் டிஸ்க் டிரைவரான ஆர்.எஸ்.டி.யின் 11.2 பதிப்பிலுள்ள எஃப்6 பிளாப்பித் தொகுப்பில் எக்ஸ்86 என்று போட்டதை எடுக்க வேண்டும். எக்ஸ்64 என்பது 64 பிட்டுக்கானது, இங்கே ஆகாது. உள்ளே இருந்த கோப்புகளை ஃபோல்டராக வைக்காமல் பிளாப்பியின் முதல் மட்டத்திலேயே போட்டேன்.

எஃப்6 அடித்ததும் கன்ட்ரோலர்களின் பட்டியல் வந்தது. மொபைல் என்று தொடங்குகிறவை லேப்டாப்புக்கு. டெஸ்க்டாப் என்று தொடங்கும் ஏ.எச்.சி.ஐ. வரியைத் தேர்ந்ததும் நீலத்திரை வராமல் நகர்ந்தது; எஸ்.எஸ்.டி. பட்டியலில் 112 ஜிபிக்குச் சற்றுக் குறைவாகத் தெரிந்தது. கோப்புகளை நகலெடுக்கும் கட்டத்தில் மறுபடியும் பிளாப்பியைப் போடச் சொன்னது. பிளாப்பி உள்ளேதான் இருந்தது. என்டர் அடித்தால் மறுபடியும் அதே வரி. காரணம் இதுதான்: முதல் தடவை பிளாப்பியைப் படித்துக்கொடுத்தது பயாஸ். நகலெடுக்கும் நேரத்தில் எக்ஸ்பியே தன் டிரைவரால் படிக்கப் பார்க்கிறது. எந்தெந்த யு.எஸ்.பி. பிளாப்பி மாதிரிகளை ஏற்பது என்று ஒரு சிறிய பட்டியல் எக்ஸ்பி நிறுவல் கோப்புக்குள்ளேயே இருக்கிறது. நண்பரின் டிரைவ் அந்தப் பட்டியலில் இல்லை. யு.எஸ்.பி. பிளாப்பி வாங்கலாம் என்று யாராவது நினைத்தால், வேண்டாம். அந்தப் பணத்துக்கு வெற்று சிடிகள் வாங்குங்கள்.

அடுத்த வழி டிரைவரைச் சிடிக்குள்ளேயே சேர்த்துவிடுவது. என்லைட் என்ற இலவச மென்பொருள் இதற்கென்றே வந்தது. என் லேப்டாப்பில் எக்ஸ்பி சிடியை ஒரு ஃபோல்டரில் நகலெடுத்து, சர்வீஸ் பேக் 3ஐயும் அதிலேயே சேர்த்தேன். பிறகு டிரைவர் பக்கத்தில் ஆர்.எஸ்.டி. ஃபோல்டரைக் காட்டினால் ஒரு சிறிய கட்டம் வரும். அதில் பி.என்.பி. டிரைவர், டெக்ஸ்ட்மோடு டிரைவர் என்று இரண்டு விருப்பங்கள். வேலையே இந்த ஒரு புள்ளியில்தான் இருக்கிறது. பி.என்.பி. என்று தேர்ந்தால் டிரைவர் விண்டோஸ் ஏறிய பிறகுதான் பயன்படும். நிறுவலின் தொடக்கத்தில் அது இல்லாததற்குச் சமம். என் முதல் சிடி அப்படி எரிக்கப்பட்டது, 7பியில்தான் முடிந்தது. டெக்ஸ்ட்மோடு என்று தேர்ந்ததும் கீழே கன்ட்ரோலர் பெயர்களின் பட்டியல் திறந்தது. பெயரைப் பார்த்துக் குத்துமதிப்பாக எடுக்காமல், டிரைவர் எந்தெந்தக் கன்ட்ரோலருக்கு என்று சொல்லும் ஐ.ஏ.-ஏ.எச்.சி.ஐ. என்ற ஐ.என்.எஃப். கோப்பை நோட்பேடில் திறந்து 1சி02 என்று தேடினேன். அந்த வரி எந்தப் பெயரைச் சுட்டுகிறதோ அந்தப் பெயரையே பட்டியலில் எடுத்தேன். இரண்டு நிமிட வேலை, ஊகத்துக்கு இடமில்லை.

எல்லாவற்றையும் ஐ.எஸ்.ஓ. என்ற ஒரே சிடி கோப்பாக்கி, இருப்பதில் குறைந்த வேகத்தில் சிடியை எரித்தேன். தொழிற்கூடத்தின் தூசியில் பழகிய டிவிடி டிரைவுக்கு அது நல்லது.

சிடியைப் போடுவதற்கு முன் பார்ட்டிஷனை (டிஸ்கில் விண்டோஸுக்கு ஒதுக்கும் பகுதி) லினக்ஸிலேயே போட்டுவிட்டேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எக்ஸ்பி தானாகப் பார்ட்டிஷன் போட்டால் 63ஆம் செக்டாரில் தொடங்கும். ஒரு செக்டார் 512 பைட்; 63ஐ 512ஆல் பெருக்கினால் 32,256 பைட். எஸ்.எஸ்.டி. உள்ளே கணக்கு வைப்பது 4,096 பைட் போன்ற பெரிய துண்டுகளில். 32,256 அந்தத் துண்டுகளில் ஒழுங்காக அடங்காது, ஏழே முக்காலுக்கு மேல் ஒரு பின்னம் வரும். அதனால் ஒரு துண்டு எழுத வேண்டிய இடத்தில் இரண்டு துண்டுகளை டிஸ்க் தொட வேண்டியிருக்கும். அழித்த இடங்களை எஸ்.எஸ்.டி.க்குத் தெரிவிக்கும் ட்ரிம் வசதியும் எக்ஸ்பிக்குக் கிடையாது என்பதால் எஸ்.எஸ்.டி.யை வீணாகத் தேய்க்க இடம் கொடுக்கக் கூடாது. பார்ட்டிஷன் போடும் லினக்ஸ் மென்பொருளான ஜிபார்ட்டடில் எம்.ஐ.பி. என்ற அலைன்மென்ட்டைத் தேர்ந்தால் 2048ஆம் செக்டாரில் தொடங்கும்; சரியாக 1,048,576 பைட். 40 ஜிபி அளவில் ஒரு என்.டி.எஃப்.எஸ். பார்ட்டிஷன் மட்டும் போட்டு, மீதியைக் காலியாகவே விட்டேன். நிறுவலின்போது அந்தப் பார்ட்டிஷனை அழிக்காமல் அப்படியே தேர்ந்தெடுக்க வேண்டும்.

இந்தச் சிடியில் நீலத்திரை வரவில்லை. எஃப்6 வேண்டாம், பிளாப்பி வேண்டாம். டிஸ்க் நேராகப் பட்டியலில் வந்தது, பெஞ்சு ஆட்கள் டீ குடித்து வருவதற்குள் டெஸ்க்டாப் தெரிந்தது. டிவைஸ் மேனேஜரில் கன்ட்ரோலரின் பெயரைத் திறந்து அடையாள எண் 1சி02 என்று இருப்பதைப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போனேன்.

சிப்செட் டிரைவர், அளவீட்டுக் கார்டு, மென்பொருள், எடுத்துவைத்த அளவுத்திருத்தக் கோப்பு என்று ஒவ்வொன்றாக ஏற்றினேன். பிரஷர் டிரான்ஸ்மிட்டர் 10 பார் வகை. பூஜ்யம் முதல் 10 பார் வரையான அழுத்தத்தை (10 பார் ஏறத்தாழ 102 மீட்டர் ஹெட்) 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாகக் கொடுக்கும். டிரான்ஸ்மிட்டரைக் கழற்றிவிட்டு துல்லியமான மின்னோட்டம் கொடுக்கும் லூப் கேலிபிரேட்டரை டெர்மினலில் இணைத்தோம். 4.00 கொடுத்தால் திரையில் பூஜ்யம். 12.00 கொடுத்தால் 51 மீட்டர் ஹெட். 20.00 கொடுத்தால் 102 மீட்டர். மூன்று இடத்திலும் பழைய அளவுத்திருத்தப் பதிவேட்டோடு ஒத்துப்போனது. பெஞ்சு ஆபரேட்டர் ஐந்து எச்பி சப்மெர்சிபிள் ஒன்றைத் தொட்டியில் இறக்கி, வால்வை மெல்ல மூடிக்கொண்டே வந்து முழு வளைவையும் எடுத்தார். திரையில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி வளைவாகச் சேர்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு நிம்மதி.

பெட்டியை மூடுவதற்கு முன் மூன்று வேலைகள் செய்தேன். போர்டின் பழைய நாணய பேட்டரியை எடுத்துப் புதிய சி.ஆர். 2032 போட்டேன். இந்த மாதிரிப் பெட்டியில் பயாஸின் மூல அமைப்பு ரெய்டு. பேட்டரி தீர்ந்தால் அமைப்பு தானாக அங்கே திரும்பிவிடும், ஒரு நாள் காலையில் காரணமே இல்லாமல் 7பி வந்து நிற்கும். அதனால் சாட்டா ஏ.எச்.சி.ஐ.யில் இருக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கேபினெட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டேன். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது. அதை இணையத்தின் பக்கம் விடவே கூடாது. குளோன்சில்லா என்ற நகலெடுக்கும் மென்பொருளில் டிஸ்க் முழுவதையும் ஒரு இமேஜாக எடுத்து, புதிய சிடியின் நகலோடு பீரோவில் வைத்தாயிற்று.

செலவு: டெஸ்க்டாப் 4,500, எஸ்.எஸ்.டி. 1,350, அதை மாட்டும் பிராக்கெட் 100, ஐ.டி.இ.-யு.எஸ்.பி. மாற்றி 450, வெற்று சிடிகள் 100, பேட்டரி 40. ஆக மொத்தம் 6,540 ரூபாய், என் கூலி நீங்கலாக.

இந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அலுவலக அறையிலிருந்து உரிமையாளரின் மகள் தன் புதிய லேப்டாப்பைக் கொண்டுவந்தார். பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, ஓ.எஸ். இல்லாமல் விலை குறைவாக வாங்கியது. ஜி.எஸ்.டி. பில் போட வேண்டும், விண்டோஸ் 11க்கு உரிமமும் வாங்கியாயிற்று. "அண்ணா, இதிலும் டிஸ்க் இல்லை என்றே வருகிறதுங்க" என்றார். நிறுவல் திரையில் டிஸ்க் பட்டியல் வெறுமையாக இருந்தது, டிரைவரை ஏற்றச் சொல்லி ஒரு வரி. லினக்ஸ் பென்டிரைவை அதிலும் போட்டுப் பார்த்தேன். என்.வி.எம்.இ. டிஸ்க் நன்றாகத் தெரிந்தது. கன்ட்ரோலர் வகை 0104, அடையாளம் 8086:467எஃப். என்.வி.எம்.இ. டிஸ்குகளை நிர்வகிக்கும் இன்டெல்லின் வி.எம்.டி. இது. பதினோராம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில் என்.வி.எம்.இ. டிஸ்க் இதன் பின்னால்தான் இருக்கிறது. லினக்ஸ் கெர்னலில் இதற்கான டிரைவர் உண்டு. நான் வைத்திருந்த விண்டோஸ் பென்டிரைவில் இல்லை.

இங்கே இரண்டு வழிகள். பயாஸில் வி.எம்.டி.யை அணைத்துவிடலாம், சில லேப்டாப்களில் அந்த வரி மறைந்திருக்கும், முதன்மைப் பக்கத்தில் கன்ட்ரோலும் எஸ்ஸும் சேர்த்து அழுத்தினால்தான் வெளியே வரும். காலி டிஸ்காக இருந்தால் இது போதும். ஏற்கெனவே விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும் லேப்டாப்பில் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். உள்ளே இருக்கும் விண்டோஸ் வி.எம்.டி. டிரைவரோடு பழகியிருக்கும், அணைத்ததும் டிஸ்கை எட்ட முடியாமல் அதே 7பியின் பெயரைச் சொல்லி நிற்கும். டிஸ்க் பிட்லாக்கரில் (விண்டோஸின் குறியாக்கப் பூட்டு) பூட்டியிருந்தால் மீட்புச் சாவியும் கேட்கலாம். கட்டாயம் மாற்றத்தான் வேண்டும் என்றால், விண்டோஸில் பி.சி.டி. எடிட் கட்டளையால் அடுத்த பூட்டைச் சேஃப் மோடுக்கு அமைத்துவிட்டுப் பயாஸை மாற்றி, சேஃப் மோடில் ஒரு முறை ஏறிய பிறகு அந்த அமைப்பை நீக்கிவிட வேண்டும்.

இந்த லேப்டாப்பில் நான் டிரைவர் வழியைத்தான் எடுத்தேன். தயாரித்தவர் வைத்த அமைப்பில் கை வைக்காமல் வேலை முடிந்தால், நாளை சர்வீஸ் சென்டரில் யாராவது பயாஸை மூல அமைப்புக்குத் திருப்பினாலும் விண்டோஸ் கலங்காது. ஆர்.எஸ்.டி. நிறுவல் கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் பயனில்லை, நிறுவல் திரை அதைக் கண்டுகொள்ளாது. வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் கட்டளைத் திரையைத் திறந்து, அந்தக் கோப்பின் பெயருக்குப் பின்னால் எக்ஸ்ட்ராக்ட்-டிரைவர்ஸ் என்ற விருப்பத்தைக் கொடுத்தால் ஐ.என்.எஃப். கோப்புகள் தனி ஃபோல்டரில் பிரிந்து வரும். அதில் வி.எம்.டி. என்ற பெயருள்ள ஃபோல்டரை நிறுவல் பென்டிரைவிலேயே நகலெடுத்துவைத்து, லோடு டிரைவர் அழுத்தி அதைக் காட்டினேன். கன்ட்ரோலர் பெயர் வந்தது, ஒரு அழுத்தில் 512 ஜிபி டிஸ்க் பட்டியலில் நின்றது. ஆர்.எஸ்.டி. பதிப்பு பிராசசரின் தலைமுறைக்குப் பொருந்த வேண்டும். பதிவிறக்கப் பக்கத்தில் அதைப் பார்த்து எடுங்கள். டச்பேடும் வைஃபையும் அந்தக் கட்டத்தில் வேலை செய்யாமல் போகலாம், ஒரு யு.எஸ்.பி. மவுஸும் இணையத்துக்குக் கைபேசியின் யு.எஸ்.பி. இணைப்பும் கையில் இருக்கட்டும்.

இனி எந்தப் பெட்டி வந்தாலும் முதலில் லினக்ஸ் பென்டிரைவில் கன்ட்ரோலரின் வகையையும் அடையாள எண்ணையும் எழுதிக்கொண்டுதான் கேபிளைத் தொடுவேன். அந்தப் பென்டிரைவிலேயே டிரைவர்கள் என்று ஒரு ஃபோல்டர் போட்டுவிட்டேன்: எக்ஸ்பிக்கான ஆர்.எஸ்.டி. 11.2, வி.எம்.டி. டிரைவர், என்லைட். பெஞ்சுக்கு மாற்றாக அதே மாதிரி டெஸ்க்டாப் இன்னொன்று வாங்கிவைக்க உரிமையாளர் சம்மதித்திருக்கிறார். அது வந்ததும் குளோன்சில்லா இமேஜை அதில் இறக்கி, கார்டை மாற்றி மாட்டி, மூன்று மில்லி ஆம்பியர் புள்ளிகளையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.